மழை நாளில் மக்கர் செய்வது ஏன்?

கார்த்திகை மாதம். இரவெல்லாம் தூறல். கல்யாண மண்டப வாசலில் அலங்காரம் செய்த பழைய அம்பாசடர் கார் ஒன்று நிற்கிறது. விடிந்ததும் மணமக்களைக் கோவிலுக்கு அழைத்துப் போகவேண்டும். ஓட்டுநர் சாவியைத் திருகுகிறார். 'ர்ர்ர்... ர்ர்ர்...' என்று எஞ்சின் சுழல்கிறது. ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி திருகுகிறார். மறுபடியும் அதே கதை. ஐந்தாவது தடவை 'ர்ர்ர்' என்பது 'ர்... ர்...' என்று இழுக்கத் தொடங்கிவிடுகிறது. நேற்றுப் பகலில் வெயில் அடித்தபோது முதல் திருகலிலேயே கிளம்பிய கார்தான் இது!

அப்புறம் என்ன? நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். இருபது, முப்பது அடி போவதற்குள் ஒரு குலுக்கல், ஒரு புகை. வண்டி உயிர் பெற்றுவிடுகிறது!

இப்படி ஒரு காட்சியை நீங்கள் நேரில் பார்த்திருக்கலாம். பழைய திரைப்படங்களிலாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இதில் இரண்டு புதிர்கள் ஒளிந்திருக்கின்றன. வெயில் நாளில் கிளம்பும் கார் ஈர நாளில் ஏன் கிளம்ப மறுக்கிறது? மின்சார மோட்டார் சுழற்றியபோது பற்றாத எஞ்சின், மனிதர்கள் தள்ளியதும் ஏன் பற்றிக்கொள்கிறது? இரண்டாவது புதிருக்குப் பலர் விடை தேடுவதே இல்லை. ஆனால் முதல் புதிரின் சாவி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அம்பாசடர் கார் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் தயாரானது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுபதிப்பு அது. அதன் பெட்ரோல் எஞ்சினும், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினியின் எஞ்சினும் தீப்பொறி உண்டாக்கும் முறையில் ஏறக்குறைய ஒன்றுதான். இன்றைய கார்களில் அந்த முறை மாறிவிட்டது. அதனால்தான் இது பழைய கார்களுக்கே உரிய நோய்.

12 வோல்ட் எப்படி 20,000 வோல்ட் ஆகிறது?

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை ஏழெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. சரியான கணத்தில் ஒரு தீப்பொறி விழவேண்டும். அதை விழச் செய்வதுதான் 'ஸ்பார்க் பிளக்'. அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். இடையே சுமார் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தபால் அட்டையை இரண்டாக மடித்தால் ஏறக்குறைய அவ்வளவு கனம் வரும்.

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை மின்சாரம் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. அப்படியானால் 0.6 மில்லிமீட்டருக்கு அதைவிடக் குறைவாகவே போதும் என்று சொல்வீர்கள். திறந்த வெளியில் அது சரி. ஆனால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்டிருக்கிறது அல்லவா? திருவிழாக் கூட்டத்தில் ஓட முயலும் சிறுவனைப் போல, எலெக்ட்ரான் வேகம் பிடிப்பதற்கு முன்பே யார் மீதாவது மோதி நின்றுவிடுகிறது. கூட்டம் அதிகமானால் அதிக விசையோடு இழுத்தாக வேண்டும். ஆகவே அங்கே 8,000, 10,000 வோல்ட், சில சமயம் அதற்கும் மேலே தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் இது ஒரு பொறியாக வரப்போகிறது. தீப்பொறி அல்ல, எலிப்பொறி!

காரில் இருப்பதோ 12 வோல்ட் பாட்டரி. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது 'இக்னிஷன் காயில்' எனப்படும் தூண்டு சுருள். இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள். ஒன்றில் சில நூறு சுற்றுகள், கனமான கம்பி. மற்றொன்றில் சுமார் இருபதாயிரம் சுற்றுகள், தலைமுடி போன்ற கம்பி. முதல் சுருளில் பாட்டரியின் மின்னோட்டம் பாய்ந்து காந்தப் புலத்தை உண்டாக்கும். திடீரென்று அந்த மின்னோட்டத்தைத் துண்டித்தால் காந்தப் புலம் சரிந்து விழும். அந்தச் சரிவு இரண்டாவது சுருளில் பெரும் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். இதைக் காருக்கு ஏற்றபடி பாட்டரியோடு இணைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912-இல் காடிலாக் கார்களில் வந்த மின்சார ஸ்டார்ட்டரும் அவர் கைவண்ணமே. அதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள்.

துண்டிக்கும் வேலையைச் செய்வது 'பாயிண்ட்' என்ற சிறு தொடுமுனை. அது திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து முனைகள் தீய்ந்துவிடாமல் காப்பது 'கண்டன்சர்'. இவ்விதம் பிறந்த உயரழுத்தத்தை நான்கு சிலிண்டர்களுக்கும் முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுப்பது 'டிஸ்ட்ரிபியூட்டர்'. அதன் தலையில் ஒரு மூடி உண்டு. நடுவில் ஒரு கொம்பு, சுற்றிலும் நான்கு கொம்புகள். நடுக்கொம்புக்குக் காயிலிலிருந்து தடித்த ரப்பர் உறையிட்ட கம்பி வருகிறது. மற்ற நான்கிலிருந்து நான்கு பிளக்குகளுக்குக் கம்பிகள் போகின்றன. மூடிக்குள் 'ரோட்டர்' என்ற சுழல் கை சுற்றிச்சுற்றி ஒவ்வொரு கொம்பையும் எட்டிப் பார்த்து மின்சாரத்தைத் தருகிறது. பழைய கார்களில் மூடியும் ரோட்டரும் பேக்கலைட்டால் ஆனவை. 1907-இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த அந்தச் செயற்கைப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டுக்கும் இளகாது.

எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து நொடிக்கு 30 பொறி. அத்தனையும் அந்தச் சின்னஞ்சிறு மூடிக்குள்தான் பங்கிடப்படுகின்றன.

ஓட்டை டியூபில் காற்றடிப்பது போல

மின்மயமான ரயில் பாதைக்கு மேலே செல்லும் கம்பியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதைத் தாங்குவதற்குக் குடை மேல் குடை வைத்தாற்போல் மடிப்பு மடிப்பான இன்சுலேட்டர்களைப் பொருத்தியிருக்கிறார்கள். ஏன் அந்த மடிப்புகள்? மின்சாரம் பரப்பின் மேலாக ஊர்ந்து தூணை அடையவேண்டுமானால், அத்தனை மடிப்புகளிலும் ஏறி இறங்கிச் செல்லவேண்டும். பாதை நீளமாகிறது. மழை பெய்தாலும் குடைகளின் அடிப்பக்கம் ஓரளவு உலர்ந்தே இருக்கும். காரின் பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கானிலும் இரண்டு மூன்று வரைகள் ஓடுவதைக் காணலாம். அவை அழகுக்காக அல்ல. அதே காரணத்துக்காகத்தான்.

ஏறக்குறைய ரயில் கம்பிக்குச் சமமான மின்னழுத்தம், உள்ளங்கையில் அடங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் எழுகிறது. அங்கே கொம்புக்குக் கொம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரந்தான். உலர்ந்த, சுத்தமான பேக்கலைட் இதைத் தாங்கிவிடும். ஈரமும் அழுக்கும் படிந்த பேக்கலைட் தாங்காது.

"தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். முழுக்கத் தூய நீர் மின்சாரத்தை மிகமிகக் குறைவாகவே கடத்தும். கடத்தும் வேலையைச் செய்பவை அதில் கரைந்த உப்புகளின் அயனிகள். மூடியின் மேல் படிந்த சாலைத் தூசியும், கடற்கரை ஊர்களில் காற்று கொண்டுவந்து பூசும் உப்பும் ஈரத்தில் கரைந்தால்தான் ஆபத்து. சாதாரண உப்பு இன்னொரு வேலையும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள்! சென்னையிலோ தூத்துக்குடியிலோ நவம்பர் மாதக் காலைகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆகவே ஒரு சொட்டு மழைகூட எஞ்சினைத் தொடாமலே மூடி நனைந்துவிடலாம்.

ஈரப் படலம் எவ்வாறு பொறியைக் கெடுக்கிறது? காயில் தன் மின்னழுத்தத்தை ஒரே அடியில் தருவதில்லை. மிகச் சிறிய காலத்தில்தான் என்றாலும், அது பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏறுகிறது. சைக்கிள் டியூபில் பம்பு கொண்டு காற்றடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல டியூபானால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சிறு ஓட்டை இருந்தாலோ, நீங்கள் அடிக்க அடிக்கக் கசிந்துகொண்டே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் ஏறவே ஏறாது. ஈரப் படலம் அந்த ஓட்டை. அழுத்தம் 10,000 வோல்ட்டை எட்டுவதற்கு முன்பே மின்சாரம் மூடியின் பரப்பில் ஊர்ந்து எஞ்சினின் இரும்பு உடலுக்குள் ஓடிவிடுகிறது. பிளக்கின் முனையில் பொறி இல்லை, அல்லது நோஞ்சான் பொறி.

இனி இரண்டாவது புதிர்

ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு பெருந்தீனிக்காரன். குளிர்ந்த எஞ்சினைச் சுழற்ற அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு இழுக்கும்போது 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் 9 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரவு நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் விளக்கு மங்குவதைப் பார்க்கலாம். காயிலுக்கும் அதே 9 வோல்ட்தான் கிடைக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். அழுத்தம் முக்கால் பங்கானால் காயிலில் ஓடும் மின்னோட்டமும் முக்கால் பங்கு. காந்தப் புலத்தில் சேரும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முக்காலின் வர்க்கம் பதினாறில் ஒன்பது. அதாவது கிட்டத்தட்டப் பாதி! பொறி மிகவும் தேவைப்படும் அந்த ஒரு கணத்தில்தான் காயில் பாதி பலத்தோடு நிற்கிறது. உலர்ந்த நாளில் பாதி பலமே போதும். ஈர நாளில் கசிவுக்கும் தீனி போட்டுவிட்டுப் பொறியும் தர அதனால் முடிவதில்லை.

நாலு பேர் தள்ளும்போது என்ன ஆகிறது? கியரைப் போட்டு கிளட்சை விட்டதும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. ஸ்டார்ட்டர் சும்மா இருக்கிறது. பாட்டரி தன் 12 வோல்ட்டையும் காயிலுக்கே தருகிறது. பொறி ஏறக்குறைய இரு மடங்கு வலுவாகிறது. கசிவையும் மீறிப் பாய்கிறது. பழைய ஓட்டுநர்கள் கைப்பிடி போட்டுச் சுற்றியபோது சில வேளைகளில் ஸ்டார்ட்டரால் ஆகாதது ஆனதற்கும் இதுவே காரணம். பின்னாளில் பொறியாளர்கள் இதற்கு ஒரு நல்ல உபாயம் செய்தார்கள். குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும் காயிலை ஒரு மின்தடையோடு வைத்து, ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் அந்தத் தடையை விலக்கிவிட்டார்கள். அப்போது 9 வோல்ட்டே அதற்குத் தாராளம்.

தள்ளிக் கிளம்பிய கார் பத்து நிமிடம் ஓடினால் எஞ்சின் சூடேறி ஈரம் காய்ந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தும்போது ஒரு குறையும் தெரியாது. குற்றவாளி தன் தடயங்களைத் தானே அழித்துவிட்டுப் போய்விட்டான்! இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பது இதனால்தான். நல்ல காயில், நல்ல பிளக்குகள், நல்ல பாட்டரி எல்லாம் வீணாக மாற்றப்படுவதும், அதற்குரிய காசை ஓட்டுநர் இழப்பதும் இதனால்தான்.

மூடிக்குள் எவ்வளவு நீர்?

மழை நீர் நேரே படுவது ஒரு வழி. தெருவில் தேங்கிய நீரில் வேகமாகச் சென்றால் ரேடியேட்டருக்குப் பின்னுள்ள விசிறி அந்த நீரை வாரி எஞ்சின் மேல் தெளிக்கும். இது எளிதில் விளங்கும். மூடிய ஷெட்டில் நின்ற காரும் காலையில் மக்கர் செய்கிறதே, அதுதான் சுவாரசியம்.

25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மீதி 6 கிராம் நீர்த்துளியாகப் படிந்தாக வேண்டும். எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பு, மெல்லத்தான் சூடேறும். விடிந்ததும் காற்று வெதுவெதுப்பாகி ஈரத்தோடு வீசும். இரும்போ இரவின் குளிர்ச்சியிலேயே இருக்கும். ஐஸ் தண்ணீர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல எஞ்சின் வியர்க்கிறது. மூடியின் உட்புறமும் சேர்ந்தே வியர்க்கிறது.

மூடிக்குள் சுமார் 300 கன சென்டிமீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து படியும் நீர் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. இவ்வளவு அற்பமான நீரா ஒரு டன் எடையுள்ள காரை நிறுத்துகிறது? ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள படலமாக அதைப் பரப்பிப் பாருங்கள். 2 மில்லிகிராம் நீர் 20 சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது சிறிய தபால் தலைகள் நான்கின் பரப்புக்கு வந்துவிடும்! கொம்புகளுக்கு இடையே பாலம் போட அது போதுமே.

துப்பறிவது எப்படி?

இனி நீங்களே துப்பறிவாளர். ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஈரத்தில் மட்டும் தோன்றும் கோளாறு, ஈரத்தால் மாறக்கூடிய இடத்தில்தான் இருக்கவேண்டும்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் சோம்பலாகச் சுழன்றால் சந்தேகம் பாட்டரி மேல், அல்லது அதன் முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியின் மேல். விறுவிறுவென்று சுழன்றும் பற்றாவிட்டால், ஒன்று பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. நாலைந்து முயற்சிக்குப் பின் புகைக்குழாயருகே பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள்.

இங்கேதான் முன்பு சொன்ன எலிப்பொறி. பலர் ஒரு பிளக்கைக் கழற்றி, கம்பியில் மாட்டி, எஞ்சின் உடலில் சாய்த்துவைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்வார்கள். 'டிக்' என்று பொறி தெரியும். "பொறி இருக்கிறது, எனவே கோளாறு கார்பரேட்டரில்" என்று தீர்ப்புச் சொல்லி அதைப் பிரிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் பார்த்தது திறந்த வெளிப் பொறி. அதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் வோல்ட் போதும். கசியும் மூடிகூட அவ்வளவு தரும். நெருக்கப்பட்ட கலவைக்குள் அதே பிளக் ஊமையாகிவிடலாம். பொறி தெரிந்தது என்பது மட்டும் போதிய சாட்சி அல்ல. பொறியின் நிறமாவது பார்க்கவேண்டும். நீலமாக, கொழுத்துச் சத்தத்தோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொரு நல்ல சோதனை இருட்டில் பார்ப்பது. ஈரமான இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினை எட்ட நின்று பார்த்தால், கசியும் கம்பியைச் சுற்றி நீல ஒளி படபடப்பதைக் காணலாம். மெல்லிய 'டிக், டிக்' ஒலியும் கேட்கும். இடியோடு மழை பெய்த பின் சில சமயம் வருமே, அந்த ஓசோன் நெடியும் மூக்கில் ஏறும். இவ்வளவு கண்ணைக் கவரும் மருத்துவப் பரிசோதனை வேறு எந்த இயந்திரத்துக்கும் உண்டா என்று தெரியவில்லை! சில மெக்கானிக்குகள் இதையே தலைகீழாகச் செய்வார்கள். உலர்ந்த நாளில் ஓடும் எஞ்சினில், இஸ்திரி போடுபவர் துணிக்குத் தெளிப்பது போல் ஒவ்வொரு பாகமாக நீரைப் புகையாகத் தெளிப்பார்கள். முதலில் காயிலின் தலை, பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக, கடைசியில் மூடி. எதை நனைத்ததும் எஞ்சின் திக்குகிறதோ அதுவே குற்றவாளி. ஓடிப்போன நோயைத் திரும்ப வரவழைத்துப் பிடிக்கும் தந்திரம் இது.

ஓர் எச்சரிக்கை. இருபதாயிரம் வோல்ட் விளையாட்டுப் பொருள் அல்ல. அதிர்ச்சியில் கை உதறிச் சுழலும் விசிறியில் படலாம். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் பொறி விழுந்தால் தீப்பிடிக்கலாம். இந்தச் சோதனைகளை மெக்கானிக் செய்யட்டும். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கவனியுங்கள்.

மழைக்காலையில் ஓட்டுநர் தாமே செய்யக்கூடியது எளியது. சாவியை எடுத்துவிட்டு, மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு கிளிப்புகளையும் தள்ளி, மூடியின் உள்ளும் புறமும் ரோட்டரையும் கம்பிகளையும் சுத்தமான உலர்ந்த துணியால் துடைப்பது. பத்தில் பல தடவை கார் கிளம்பிவிடும். "ஆகவே மூடிதான் கோளாறு, நிரூபணமாகிவிட்டது!" என்று குதிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

துடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. களைத்த பாட்டரி ஓய்வெடுத்துச் சற்றுத் தெம்பு பெற்றது. தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியிலும் சிலிண்டருக்குள் சேர்ந்து பிளக் முனையை நனைத்திருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிற்று. கார் கிளம்பியது துடைத்ததாலா, காத்திருந்ததாலா? அடுத்த ஈர நாளில் மூடியைக் கழற்றித் துடைக்காமலே மாட்டிவிட்டு, அதே பத்து நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் கிளம்பினால் மூடி நிரபராதியாக இருக்கலாம். கிளம்பாமல், துடைத்த பிறகு கிளம்பினால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆய்வுக்கூடத்தில் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்பார்களே, அதை ஒரு கார் ஷெட்டிலும் செய்யலாம்.

தோற்ற முயற்சிகள் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன என்பதையும் கவனித்தீர்களா? பெட்ரோலில் நனைந்த பிளக் இன்னொரு கசிவு வழி. இறங்கும் பாட்டரி இன்னொரு பலவீனம். எனவே ஐந்து, பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழற்றாமல், அரை நிமிடமாவது இடைவெளி விடுவது நல்லது.

துடைத்தும் தீராவிட்டால் மூடியை வெளிச்சத்தில் பிடித்து உட்புறத்தை உற்றுப் பாருங்கள். கொம்புக்குக் கொம்பு பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கரிய கோடு தெரிகிறதா? ஈரத்தில் ஊர்ந்த மின்சாரம் பேக்கலைட்டைச் சுட்டுக் கரியாக்கியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு மழை இல்லாவிட்டாலும் கசிவு நடக்கும். அந்த மூடிக்கு வைத்தியம் கிடையாது. மாற்ற வேண்டியதுதான். கம்பிகளின் ரப்பர் உறையில் பொடிப்பொடியாக வெடிப்பு இருந்தாலும் அப்படியே.

பெட்ரோலில் நீர் கலந்திருப்பதும் ஈரக் காலத்துச் சந்தேக நபர்தான். 2023-இல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாகி, பின்னர் எங்கும் பரவியது. எத்தனால் நீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிற்கும் பழைய கார்களுக்கு இது தொல்லை. ஆனால் துடைத்தவுடன் இந்த நோய் தீராது, தள்ளினாலும் தீராது. அடையாளம் காண அதுவே போதும்.

ஒரு காரைத் திருப்பிவைத்த கதை

இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த 'மினி' என்ற குட்டிக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இடத்தை மிச்சப்படுத்த எஞ்சினைக் குறுக்காக வைத்தார். மாதிரிக் கார்களில் கார்பரேட்டர் முன்புறம் இருந்தது. குளிர்ந்த ஈரக் காற்று அதில் பட்டு, பெட்ரோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியும் சேர்ந்து, உள்ளே பனிக்கட்டி படிந்தது. ஆகவே எஞ்சினை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தார்கள். அதற்கு வேறு காரணமும் கூறப்படுவதுண்டு. எப்படியோ கார்பரேட்டர் பின்னால் போய்ப் பிழைத்தது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் வந்துவிட்டது! முகப்புக் கம்பிச் சட்டத்துக்கு நேர் பின்னே, மழையைப் பார்த்தபடி. ஒரு ஈர நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்று வந்து சேர்ந்தது. மழையில் நின்றுபோகும் கார் என்று மினி பெயரெடுத்தது. அதை வைத்திருந்தவர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றை வாங்கி, விரல் நுனிகளை வெட்டிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மாட்டினார்கள். ஐந்து விரல்களின் வழியே ஐந்து கம்பிகள்! நடுக்கொம்பு ஒன்று, சுற்றுக்கொம்பு நான்கு என்று கணக்கும் சரியாக இருந்ததைப் பாருங்கள்.

ஈரத்தை விரட்டும் எண்ணெய்த் தெளிப்பான்களும் உண்டு. கடைகளில் காணும் டபிள்யூடி-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் உருவானது. 'நீரை வெளியேற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி' என்பதே அந்தப் பெயரின் பொருள். அட்லஸ் ராக்கெட்டின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் காக்க அது முதலில் பயன்பட்டது. எண்ணெய் பூசிய பரப்பில் நீர் படலமாகப் பரவாமல் உருண்டைகளாகத் திரளும். உருண்டைகள் தனித்தனித் தீவுகள். அவற்றின் வழியே மின்சாரம் தொடர்ந்து ஊர முடியாது. நம் வீட்டுத் தலைவாழை இலையில் நீர் உருள்வதைப் போலத்தான்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கும். நீண்ட கம்பிகளும் இல்லை, ஐந்து கொம்பு மூடியும் இல்லை. டீசல் எஞ்சினுக்கோ பொறியே வேண்டாம். நெருக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் அம்பாசடர் இந்த வகையில் மழைக்கு அஞ்சியதில்லை.

காரில்லாமலே இதைச் சோதித்துப் பார்க்க ஆசையா? ஒரு 9 வோல்ட் பாட்டரி, ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு, மூன்று துண்டு கம்பி, ஒரு 6பி பென்சில் போதும். வெள்ளைத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கனமான பட்டையாகக் கிறுக்குங்கள். பென்சிலின் கரியும் மூடிக்குள் விழும் கரிக்கோடும் உறவினர்கள்தான். பாட்டரி, விளக்கு, கரிப்பட்டை மூன்றையும் வரிசையாக இணையுங்கள். விளக்கை நேராகப் பாட்டரியில் இணைத்துவிடாதீர்கள், கருகிவிடும். விளக்கு மங்கலாக எரியும். எரியாவிட்டால் விளக்கின் கால்களை மாற்றி இணையுங்கள். பட்டையை இன்னும் கறுப்பாக்குங்கள். பிறகு கம்பி நுனிகளை மெல்ல விலக்கிக்கொண்டே போய், எந்தத் தூரத்தில் வெளிச்சம் மறைகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கோடு போடாத வேறொரு தாளில் உப்பு நீரைத் தடவி அதே சோதனையைச் செய்யுங்கள். அந்தத் தாளைக் காயவிட்டு மீண்டும் ஒரு தடவை. கடைசியாக, அதே காய்ந்த தாளை ஒரு மழை நாள் முழுதும் ஜன்னலோரம் வைத்துவிட்டு இருட்டறையில் இன்னொரு தடவை.